பன்னிரண்டு மாதம் தாண்டினால்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் ‘எந்த ஊர் நீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ஹட்டன், பதுளை, பண்டாரவளை, தலவாக்கலை என்று பதில் வருவது அங்கே சாதாரணம். அக்கம்பக்கத்தாருக்கு இவர்கள் ‘சிலோன்காரங்க’. அரசாங்கக் காகிதங்களில் ‘தாயகம் திரும்பியோர்’. இவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் பிறந்தவர்கள் இல்லை. பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். கொழுந்து பறிக்கக் கற்றதும் அங்கேதான்.

எப்படி இங்கே வந்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் சொல்வார்கள். 1964 அக்டோபர் 30. அது சரிதான். ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே இவர்கள் தலையெழுத்தை ஒரு சட்டத்தின் சிறு உட்பிரிவு பாதி எழுதிவிட்டது. அது கேட்ட கேள்வி மிகச் சாதாரணமானது: ஊருக்குப் போனாயே, எத்தனை மாதம் தங்கினாய்?

இன்றைக்கு அமெரிக்காவில் இரண்டு வருஷ கிரீன் கார்டு வைத்திருக்கும் பெண் அம்மாவைப் பார்க்க ஊட்டிக்கு வந்தால், திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் அவளிடம் கேட்கப்படுவதும் இதே கேள்விதான். அதனால்தான் பழைய கதையை இப்போது எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இலங்கை. 1948-ல் சுதந்திரம் வந்த அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி பிரஜையாக இருக்க வேண்டுமானால் தகப்பனாரோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்டவும் வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவே பல நேரம் கிடையாது. பூட்டனுக்கு எங்கே போவது? 1947 தேர்தலில் ஓட்டுப் போட்ட தோட்டத் தமிழர்கள் 1949 தேர்தல் சட்டத் திருத்தத்தோடு வாக்காளர் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். அந்தத் திருத்தம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் எதிர்க்கப்பட்டது. 1953-ல் அந்த எதிர்ப்பு அங்கேயும் தோற்றது.

இப்படி வெளியே நின்றவர்களுக்கென்று திறந்துவிட்ட கதவுதான் 1949-ம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (குடியுரிமை) சட்டம். விண்ணப்பிக்க இரண்டு வருஷ அவகாசம். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். நிபந்தனை என்ன? 1946 ஜனவரி 1-க்கு முன்னால், மணமானவர் என்றால் ஏழு வருஷம், மற்றவர்கள் பத்து வருஷம், இலங்கையில் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். 1946-லிருந்து விண்ணப்பம் போடும் நாள்வரையும் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும். நியாயமான வருமானம் வேண்டும். மனைவியும் மைனர் பிள்ளைகளும்கூடத் தொடர்ந்து அங்கேயே இருந்திருக்க வேண்டும். ‘இடைவிடாமல்’ என்பதற்குச் சட்டமே அளவு சொன்னது: இடையில் வெளியே போய் வரலாம், ஆனால் ஒரு தடவை போனால் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை தாண்டினாலும் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று பொருள்.

காகிதத்தில் படிக்கும்போது தாராளமான விதி போலத்தான் தெரியும். ஒரு வருஷம் என்பது பெரிய காலமாயிற்றே என்று தோன்றும். தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கூர்மை புரியும்.

திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருஷம் 1941. மனைவிக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து, மாட்டு வண்டியில் ஊர் போய்ச் சேருகிறாள். ஏழாம் மாதம் போனவளுக்குக் குழந்தை பிறக்கிறது. குழந்தைக்குச் சீக்கு வந்து தேறுகிறது. காது குத்து முடித்துவிட்டே போ என்கிறார்கள் பெரியவர்கள். அதற்குள் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான் என்று செய்தி வருகிறது. கைக்குழந்தையோடு எந்தத் தாய் கப்பல் ஏறுவாள்? பதினான்கு மாதம் கழித்துத் திரும்புகிறாள். தோட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துக் கூடையை மாட்டிக்கொள்கிறாள். பத்து வருஷம் கழித்து, புருஷன் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட பிறகு, விசாரணை அதிகாரி முன்னால் நிற்கும்போது அந்தப் பதினான்கு மாதம் எழுந்து வருகிறது.

ஊருக்குப் போய் வருவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. கல்யாணம், சாவு, குலதெய்வத்துக்குப் படையல், பங்காளிகளோடு இருக்கும் அரைக் காணி நிலத்தின் வழக்கு, இவையெல்லாம் கடலுக்கு இந்தப் பக்கம்தான் கிடந்தன. அவர்களை அழைத்துப் போன கங்காணி முறையே உறவையும் ஊரையும் பிடித்துத்தான் ஆள் சேர்த்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டியபோது லாபமாக இருந்த அந்த ஊர்ப்பாசம், குடியுரிமை கேட்டபோது குற்றமாகிவிட்டது. ஊருக்குப் பணம் அனுப்பியதுகூட, இவன் இங்கே நிலையாக இருக்க நினைப்பவன்தானா என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது.

சாட்சிக் காகிதம் இன்னொரு பாடு. தொடர்ந்து வேலை செய்தார் என்று காட்ட வேண்டுமானால் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், பெயர் இருக்க வேண்டும். செக்ரோல் ஆபீசில் இருக்கும். துரை மனசு வைத்தால் எடுத்துப் பார்க்கலாம். தோட்டம் மாறிப் போனவருக்குப் பழைய தோட்டத்துப் பத்துச்சீட்டு தொலைந்திருக்கும். பிள்ளைகளின் பெயர் ஓரிடத்தில் முத்துச்சாமி, இன்னோரிடத்தில் முத்தையா. ஆரம்பத்தில் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்ன இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னதால், மனுக்களில் பெரும்பகுதி கடைசி மாதங்களில்தான் போய்ச் சேர்ந்தது. இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷ விசாரணைக்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்.

நிராகரித்ததற்கெல்லாம் பன்னிரண்டு மாத விதி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வருமானம், சாட்சி, பதிவு என்று காரணங்கள் பல. ஆனாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான்: போய் வந்தவன் நம்மவன் இல்லை.

மிச்சப்பட்டவர்களைத்தான் 1964 ஒப்பந்தம் கூறு போட்டது. மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மனிதர்களில் ஒருவரைக்கூட உட்கார வைத்துக் கேட்காமல் செய்த பங்கீடு இது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள், வேலையில் இருந்தால், தங்கள் முறை வரும்வரை அல்லது 55 வயது ஆகும்வரை, எது முந்துகிறதோ அதுவரை வேலை பார்க்கலாம். அதாவது பிறந்த மண்ணிலேயே தவணை போட்ட வாசம். கையில் இந்தியப் பாஸ்போர்ட், அதில் ஒரு வதிவிட விசா, விசாவில் ஒரு தேதி. போகும்போது சேமநிதி, பணிக்கொடை உட்படச் சொத்தை எடுத்துப் போகலாம். குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று இலங்கை அரசு வாக்குக் கொடுத்தது. மூன்று தலைமுறை உழைப்புக்கு எழுதிய எண் அது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகவில்லை, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தாத்தா பாட்டி போன வழி அடைபட்டு, பேரப்பிள்ளைகள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிவு. தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய காலத்தில் இலங்கை அரசு தொழிலாளர்களை நிறுத்திச் சோதித்த அதே மண்டபம். அங்கிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு திசை காட்டினார்கள். சிலருக்கு நூற்பாலை, சிலருக்குச் சிறுதொழில் கடன், சிலருக்கு நீலகிரித் தேயிலை.

நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகவே தமிழ்நாடு அரசு 1968-ல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. 1976-லிருந்து அது டேன்டீ என்ற அரசுக் கழகம், தலைமையகம் குன்னூர். கோத்தகிரி, குந்தா, நடுவட்டம், பாண்டியாறு, சேரம்பாடி, நெல்லியாளம் என்று காட்டை வெட்டி, குழி தோண்டி, நாற்று வைத்தவர்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள்தான். டேன்டீயில் இடம் கிடைக்காதவர்களும் இந்த மலைக்கே வந்தார்கள். சமவெளியில் கடன் வாங்கிப் பெட்டிக்கடை போட்டவர்களுக்கு வியாபாரம் தெரியவில்லை, வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்த வேலை கொழுந்து, பழகிய காற்று மலைக்காற்று. யாரோ உறவுக்காரர் கோத்தகிரியில் கேரட் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று எழுதுவார். குடும்பம் மூட்டை கட்டிப் பஸ் ஏறிவிடும்.

வந்த பிறகாவது நிபந்தனை தீர்ந்ததா? முழுக்கத் தீரவில்லை. டேன்டீயில் வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பது விதி. வேறு வீடு இல்லாதவர்கள் பணப்பலனை வாங்க வீட்டைக் கொடுக்க வேண்டும், வீட்டைக் கொடுத்தால் போக இடமில்லை. கூடலூர்ப் பக்கம் ஜன்ம நிலங்களில் குடிசை போட்டவர்களுக்கு 1969 ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு இன்னும் தொங்குகிறது. பட்டா கிடையாது, பட்டா இல்லாததால் மின்சார இணைப்புக்குப் பல வருஷம் அலைச்சல். 2022-ல் டேன்டீயின் 2,150 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தபோது, அந்த லைன்களில் எழுந்த பயத்துக்கு அறுபது வருஷ முன்கதை இருந்தது. இந்திய அரசு கூப்பிட்டு வந்தவர்கள் இவர்கள். இருக்கும் வீட்டையாவது அவர்கள் பேருக்கு எழுதிக் கொடுப்பது சலுகை இல்லை, பாக்கி.

கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டவர்கள் கதை வேறு விதமாக முறுக்கிக்கொண்டது. இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான 1983 கலவரம். 1984-ல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, விசா தேதியும் முடிந்து, வர வழியில்லாமல் சுமார் 84,000 பேர் இலங்கையிலேயே மாட்டிக்கொண்டார்கள். 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது: 1964 அக்டோபர் 30-லிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்து வரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் பிரஜாவுரிமை. நல்ல சட்டம். ஆனால் மறுபடியும் அதே முள். கலவரத்தில் உயிர் தப்பித் தமிழ்நாட்டு முகாம்களுக்கு ஓடி வந்தவர்கள் ‘வசித்து வருபவர்’ கணக்கில் வரவில்லை. அதைச் சரிசெய்ய 2009-ல் திருத்தம் வந்தது. வேறு வழியில்லாமல் இந்தியா போய்த் தங்க நேர்ந்ததைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே ஒப்புக்கொண்டது. அறுபது வருஷம் பிடித்தது இந்த ஒரு வரிக்கு. ஒருவர் எத்தனை மாதம் வெளியே இருந்தார் என்பதோடு ஏன் இருந்தார் என்றும் கேட்க முடியும், கேட்டால் சட்டம் இடிந்து விழாது என்பதற்கு இந்தத் திருத்தமே சாட்சி.

இனி இன்றைய கிரீன் கார்டுக்கு வருவோம். நீலகிரியிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் இன்று கங்காணி பின்னால் போவதில்லை. நர்ஸாக, மென்பொருள் ஊழியராக, கல்யாணம் கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் படும் பாட்டை லயத்துத் தொழிலாளியின் பாட்டோடு சமமாக வைக்கக் கூடாது. கையில் காசும் காகிதமும் வக்கீலும் உள்ளவர்கள் இவர்கள். ஆனாலும் விதியின் எலும்புக்கூடு ஒன்றுதான். தெரியாமல் இருந்தால் அடி விழும்.

அமெரிக்கக் குடிமகனையோ நிரந்தர வதிவாளரையோ மணந்து, மணமாகி இரண்டு வருஷம் முடியும் முன்னே கிரீன் கார்டு கிடைத்தால், அது நிபந்தனைக்குட்பட்ட கார்டு. இரண்டு வருஷம்தான் செல்லும். பொய்க் கல்யாணங்களைத் தடுக்க 1986-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்த இரண்டு வருஷம் முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், கணவன் மனைவி சேர்ந்து ஐ-751 படிவம் போட்டு நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் வதிவுரிமை தானாக ரத்தாகும். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து குன்னூரில் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைத் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லலாம்தான். ஏற்பதும் ஏற்காததும் அதிகாரி கையில்.

வெளியே எவ்வளவு நாள் இருக்கலாம்? 180 நாளைத் தாண்டினால், திரும்பி வருகிறவரைப் புதிதாக நுழைய வருபவர் போல அதிகாரி விசாரிக்கலாம். ஒரு வருஷம் தாண்டினால் கார்டைக் காட்டி மட்டும் உள்ளே போக முடியாது. அதற்கென்றே மறுநுழைவு அனுமதி என்று ஒன்று இருக்கிறது. ஐ-131 படிவம். அதை அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே போட வேண்டும். ஊட்டிக்கு வந்து இறங்கிய பிறகு, அப்பாவின் கண் ஆபரேஷன் தள்ளிப்போகிறதே என்று இங்கிருந்து போட முடியாது. கைரேகைப் பதிவும் அங்கேதான். மற்றவர்களுக்கு அந்த அனுமதி இரண்டு வருஷம் வரை செல்லும். நிபந்தனைக் கார்டுக்காரருக்கோ நிபந்தனை நீக்க மனுப் போட வேண்டிய நாள் அதற்கு முன்னே வந்துவிட்டால், அதோடு அனுமதியும் முடிந்துவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஐ-751 போட்ட பிறகு வரும் ரசீதுக் கடிதம் கார்டின் ஆயுளை நீட்டுகிறது; 2023 முதல் 48 மாதம். காலாவதியான கார்டோடு அந்தக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு போய்வரலாம், ஒரு வருஷத்துக்குள் திரும்புவதாக இருந்தால். அசல் கடிதம் கையில் இருக்கட்டும். பின்னால் குடியுரிமை கேட்கும்போது ஆறு மாதம் தாண்டிய ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு வருஷம் தாண்டினால் தொடர்ச்சி அறுந்ததாகவே கொள்வார்கள். 1949-ன் அதே பன்னிரண்டு மாதம்.

2020 மார்ச்சில் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியது நினைவிருக்கும். வழக்கமான சேவை முழுதாகத் திரும்ப 2022 மார்ச் ஆனது. இப்படித் தன் கையை மீறிய காரணத்தால் வருஷம் தாண்டியவருக்கு எஸ்பி-1 என்ற திரும்பும் வதிவாளர் விசா உண்டு. அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் காரணத்தை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும்: மருத்துவமனைச் சீட்டு, ரத்தான டிக்கெட், அமெரிக்காவில் தொடரும் வாடகை, வரிக் கணக்கு. கனடாவில் கணக்கு வேறு: ஐந்து வருஷத்தில் 730 நாள் அங்கே இருந்திருந்தால் போதும். வாழ்க்கை ஒரே சீராக ஓடாது என்று தெரிந்து போட்ட விதி அது. பன்னிரண்டு மாதக் கத்தியைவிட அது மனிதத்தன்மை உள்ளது.

விமான நிலையத்தில் களைத்து நிற்கும்போது ஐ-407 என்று ஒரு தாளை நீட்டி, வதிவுரிமையை விட்டுக் கொடுப்பதாகக் கையெழுத்துக் கேட்டால், போட்டே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. குடிவரவு நீதிபதி முன்னால் வாதாட உரிமை இருக்கிறது. வயதான பெற்றோர்கள் பலர் இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம் படிக்கும் நீலகிரிக் குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள். வெளிநாட்டில் இரண்டு வருஷக் கார்டோடு இருக்கும் மகளோ மருமகனோ நீண்ட நாள் தங்க வருகிறார்கள் என்றால், டிக்கெட் போடுவதற்கு முன்னே அங்கேயே மறுநுழைவு அனுமதிக்கு மனுப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, தோட்டத்துப் பத்துச்சீட்டு ஏதாவது கிடந்தால் பழைய காகிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குடியுரிமையைக் காட்ட வேண்டி வந்தால் அவை உதவலாம். இந்தியாவில் 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன்; அதை நிரூபிக்கத் தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்தவர்கள் இன்றும் நீதிமன்றம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நகல் எடுத்து, பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளைகளிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.